அவள் கேட்டது வசை அல்ல

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட நல்ல கேள்வியை, அது நல்ல கேள்வி என்று தெரிந்தே, நான் வசைச் சொல்லாக்கினேன். அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். செய்யாத தவறுக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தேன். புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. நான் விலங்கியல் படித்தவன். கல்லூரியில் கருவியல் நடத்தியே தலை நரைத்தவன். அந்தப் பெண் பேசிய தமிழ்தான் என் அம்மா பேசிய தமிழ்.

ஓய்வுபெற்றதும் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஏதாவது ஒரு கோழிப்பண்ணையின் வாடை வரும் ஊர். நான் படித்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு, போர்வெல் வண்டி வைத்துப் பிழைத்து முன்னுக்கு வந்த பழைய மாணவர்கள் சிலர் பெரிய தொடுதிரை ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது பெரும்பாலும் துணி போர்த்தியே கிடந்தது. அதை வைத்து ஏதாவது செய்யலாமே என்று அறிவியல் ஆசிரியையிடம் நான்தான் பேச்சை எடுத்தேன். மாதம் ஒரு முறை, எங்கோ ஒரு நகரத்து அருங்காட்சியகத்தோடு நேரலையில் இணைவோம். அங்கே வழிகாட்டி ஒருவர் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு கூடம் கூடமாக நடப்பார். இங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கேட்டால் அங்கிருந்தே பதில் வரும். திமிங்கில எலும்பு, விண்கல், பாடம் செய்த பறவைகள் என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பாடத்தை ஒட்டி ஏற்பாடு செய்தோம். பேருந்து பிடித்து அங்கெல்லாம் போக முடியாத பிள்ளைகள் அவர்கள். ‘மியூசியம் பீரியடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேள்விகளை முன்கூட்டியே நானே எழுதிவிடுவேன். தெளிவாகப் பேசும் நாலு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, நூல் தமிழில் மனப்பாடம் செய்யவைத்து, ஒத்திகையும் பார்ப்பேன். “ஐயா, இவ்வுயிரினம் எக்காலத்தில் வாழ்ந்தது?” என்று நிமிர்ந்து நின்று கேட்பார்கள். பதில் ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருக்கும். ஒலிவாங்கி ஒன்றுதான். யாரிடம் போகவேண்டும், எப்போது அணையவேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. இதை நான் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்வி வந்த அன்றைக்கு வகுப்பைப் பார்க்கக் கல்வித்துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். தெற்கத்திக்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவருக்குப் பிடித்திருந்தால் இந்த ஏற்பாடு ஒன்றியத்தின் மற்றப் பள்ளிகளுக்கும் போகும். திட்ட அறிக்கையில் ‘ஓய்வுபெற்ற பேராசிரியரின் முயற்சி’ என்று என்னைப் பற்றி ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகத்தான் அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினேன்.

ஜன்னலில் வெளிச்சம் மறைக்கப் படுக்கை விரிப்புகளைக் கட்டியிருந்தோம். சத்தம் ஒலிவாங்கியில் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தேன். எல்லோருக்கும் வியர்த்தது. திரையில் வந்த வழிகாட்டி சின்ன வயதுப் பெண்.

“நாமக்கல் பக்கமா நீங்க? அப்போ முட்டையைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லித் தர்றதா, நீங்க எனக்குச் சொல்லித் தர்றதா?” என்றார். பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்தினார்கள். அவர்களுக்காகவே தேர்ந்தெடுத்ததாகச் சொல்லி ஒரு கண்ணாடிப் பெட்டியின் அருகே கேமராவைக் கொண்டுபோனார். அரியலூர்ப் பக்கம் மண்ணுக்குள் கிடைத்த டைனோசர் முட்டைகள். உரித்த தேங்காய் அளவில், சாம்பல் நிறத்தில், பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடந்தன. பல கோடி ஆண்டுகளாகப் பொரிக்காமலே கிடக்கின்றன என்றார்.

என் மூன்று பிள்ளைகள் மூன்று கேள்விகளைப் பிசகில்லாமல் கேட்டார்கள். நாலாவது பையனுக்கு மறந்துபோயிற்று. ஒலிவாங்கியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து, அதை அவன் கையிலிருந்து வாங்கி, திரையைப் பார்த்துக் கேட்டாள்.

“கூமுட்டைங்களா?”

எங்கள் பக்கத்தில் எந்தப் பேச்சுக்கும் ஒரு ‘ங்க’ ஒட்டும். ‘மழைங்களா?’ என்று கேட்டால் ‘ஆமாங்க’ என்பார்கள். அது மரியாதை. அடைகாத்தும் குஞ்சு வராமல் கெட்டுப்போகும் முட்டை கூமுட்டை. ஆக, இந்த முட்டைகள் பொரிக்காததற்குக் காரணம் அவை கருவுறாமல் கெட்டுப்போனதா, அம்மா, என்பதுதான் அவள் கேட்டது. சேவலில்லாத பண்ணை முட்டை எதுவும் பொரிக்காது என்பதைப் பார்த்தே வளரும் ஊரில் அப்படி ஒரு கேள்வி வருவது இயல்பு. நான் எழுதிக் கொடுத்த நாலு கேள்விகளையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. ஆனால் வெளியூர்க் காதுக்கு அந்தச் சொல்லே வேறு. மடையனைக் கூமுட்டை என்று திட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. ‘பசங்களா’ என்று கூப்பிடுவதுபோல ‘கூமுட்டைங்களா’ என்றால், ஒரு கூட்டத்தையே பார்த்து விடும் வசை.

வகுப்பு குபீரென்று சிரித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி நிமிர்ந்தார்.

“என்ன சார் இது? யாரப் பாத்து சொல்லுதா இந்தப் பிள்ளை?”

நான் ஒரே வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கியிருந்தால் அவரும் சிரித்திருப்பார், அந்தப் பெண்ணைத் தட்டிக் கொடுத்திருப்பார். நான் ஒலிவாங்கியை அணைத்தேன். திரையில் அந்த வழிகாட்டியின் முகம் சுருங்கியதையும் பார்த்தேன்.

“மன்னிச்சிருங்க சார். கொஞ்சம் வாய்த்துடுக்கு. நான் கண்டிக்கிறேன்,” என்றேன். அறிவியல் ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையமர்த்தினேன். பிறகு ஒலிவாங்கியை மறுபடியும் போட்டு, “சிக்னல் சரியில்லைங்க மேடம், மேலே போகலாம்” என்று திரையிடமும் பொய் சொன்னேன். அவளைப் பார்த்து வெளியே கை காட்டினேன்.

நேரலை முடிந்ததும், பிள்ளைகள் கலையும் முன், அவளை உள்ளே கூப்பிட்டு அதிகாரி முன் நிறுத்தினேன்.

“சார்கிட்ட மன்னிப்புக் கேள்.”

“எதுக்குங்க?”

“கேள்னா கேள்.”

“மன்னிச்சுக்கோங்க சார்,” என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “நான் என்ன தப்புங்க பண்ணேன்?” என்று கேட்டாள். நான் அதிகாரியைத் தேநீருக்கு அழைத்துப் போனேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பதினேழு வயதில் நான் சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது, என் ‘ஏனுங்க’வைச் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். சில மாதங்களுக்குள் அதை வாயிலிருந்து துடைத்துவிட்டேன். அதிலிருந்து என் ஊர்ப் பேச்சை நான் என் காதால் கேட்டதேயில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் காதால்தான் கேட்டுவந்திருக்கிறேன். இது காரணம் மட்டும்தான், சமாதானம் இல்லை. சிரிப்புக்கு ஆளானவனுக்கு அது எப்படி வலிக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும்.

திட்டம் மற்றப் பள்ளிகளுக்கும் போயிற்று. என்னைப் பற்றிய அந்த ஒரு வரியும் வந்தது. அவளுக்குக் கூமுட்டை என்று பெயர் வந்தது. பையன்கள் மட்டுமில்லை, அவளோடு சேர்ந்து நடக்கும் பெண்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் யாரோ அப்படிக் கத்துவதையும், அவள் திரும்பாமல் நடப்பதையும் நானே பார்த்தேன். பார்த்துவிட்டுக் கடந்து போனேன். அதன் பிறகு எந்த மியூசியம் பீரியடுக்கும் அவள் வரவில்லை. சரியாக அந்த நாளில் வயிற்றுவலி வந்துவிடும். அறிவியல் ஆசிரியை ஒவ்வொரு முறையும், “இன்னிக்கும் அந்தப் புள்ள லீவுங்க சார்” என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வார். அவர் சொல்வது எதற்கென்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருடம் தெரியாதவன்போல இருந்தேன்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். அறிவியலில் பள்ளியிலேயே அவள்தான் அதிக மதிப்பெண் வாங்கியிருந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து மாட்டு டாக்டர் ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிச் சுவர் ஓரமாகப் பேருந்து போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாளாம்.

“இப்ப காமர்ஸ் குரூப்புத்தான் எடுப்பேங்கறா சார். பயாலஜி எடுத்தா கேள்வி கேக்கோணும், எனக்கு வேண்டாங்க டீச்சர்ங்கறா. நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். இனி நீங்கதான் பாக்கோணும்.”

பதினொன்றில் உயிரியல் எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவத்துக்கு வாசலே கிடையாது. நான் மூடிய வாசல் அது. திறக்கிறவரை ஓயக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். பண்ணையை ஒட்டி, வேலை செய்கிறவர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அவள் அம்மா பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை முடித்து அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம் எதுவும் வரவில்லை.

“வாங்க. உக்காருங்க,” என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். “இங்கிருந்து என்ற புள்ளைய எங்கீங்க வெளிய நிறுத்துவீங்க? இது எங்க ஊடு.”

அன்றைக்கு அவள் கேட்டது தப்பே இல்லை, தப்பு என்னுடையது, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொன்னேன்.

“படிச்சவிய நீங்க. ‘ங்க’ போட்டு மருவாதியாத்தானுங்க கேட்டா என்ற புள்ள? மருவாதி குடுத்ததுக்கு இந்தச் சன்மானமா?” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “வா கண்ணு, வந்து கேளு. ஐயா மன்னிப்பைப் பாதகாணிக்கையாக் கொண்டாந்திருக்காரு,” என்றார்.

அவள் கதவருகே வந்து நின்றாள். வளர்ந்திருந்தாள். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“சரிங்க,” என்றாள்.

“பயாலஜி எடும்மா.”

“அது வேறீங்க.” கதவருகிலிருந்தே சொன்னாள். “என்ற ஊட்டுல வந்து மெதுவா சொல்றீங்க. அன்னிக்கு எல்லாத்துக்கும் முன்னாலதானுங்க சொன்னீங்க.”

அவள் அம்மா காபி வைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்தேன். அவள் சொன்னது நியாயம். வாசலில் செருப்பைப் போடும்போதே எப்படிச் செய்வது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகப் பள்ளிக்கு வரும் நாள் இனி ஒன்றுதான் பாக்கி. மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் வாங்க வரும் நாள். அந்த நாளிலேயே அதே அருங்காட்சியகத்தோடு, அதே வழிகாட்டியோடு நேரலை வைக்கவேண்டும் என்று தலைமையாசிரியரைக் கேட்டேன்.

“லீவுல எதுக்குங் சார்? பழசையெல்லாம் நோண்டிக்கிட்டு. நீங்க பெரியவரு, உங்களுக்கு எதுக்கு இந்த அவமானம்?”

“என்னுதுதானே. நான் பட்டுக்கறேன்,” என்றேன்.

அதிகாரியையும் தொலைபேசியில் பிடித்தேன். அதற்குள் வேறு மாவட்டம் போயிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். “எனக்கு நெனப்பே இல்லையே சார்,” என்றார். அந்தப் பெண்ணுக்கு இன்னும் நினைவிருக்கிறது என்றேன். “அப்ப எம் பேரச் சொல்லியும் அவகிட்ட வருத்தம்னு சொல்லிருங்க,” என்றார். வழிகாட்டியைத் தேடிப் பிடிக்கத்தான் நாளாயிற்று. அவர் வேறு பிரிவுக்கு மாறியிருந்தார். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன், ஒருவழியாக ஒத்துக்கொண்டார்.

அந்த நாளில் பிள்ளைகள் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவளும் அம்மாவோடு வந்திருந்தாள். உட்காராமல் கதவருகே நின்றாள். திரையில் அந்த வழிகாட்டி வந்ததும் நான் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றேன். எழுதி வைத்துப் படிக்கவில்லை. ஒத்திகையும் பார்க்கவில்லை. அன்றைக்கு என்ன கேட்டாள், அதற்கு என்ன அர்த்தம், எனக்கு அர்த்தம் தெரிந்தும் ஏன் மறைத்தேன், சிக்னல் சரியில்லை என்று எப்படிப் பொய் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி சொல்லச் சொன்னதையும் சொன்னேன். நடுவில் ‘ஏனுங்க’ என்று வந்துவிட்டது, அதைத் திருத்தவில்லை.

ஒரு பையன், “அப்ப ஆருங் சார் கூமுட்டை?” என்றான். கூடம் சிரித்தது.

“நான்தான்,” என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

திரையில் வழிகாட்டி சிரிக்கவில்லை. “நான் அப்போ வேலைக்குப் புதுசு சார். என்னைத்தான் திட்டினாங்கன்னு நெனச்சேன். நான் சொல்றதெல்லாம் அவ்வளவு மட்டமாவா இருக்குன்னு அழுதேன். அதுக்கப்புறம் பள்ளிக்கூட நேரலைன்னாலே எனக்கு நடுக்கம். பிரிவு மாத்திக் கேட்டு வாங்கிட்டேன்,” என்றார்.

இது எனக்குத் தெரியாது. ஒரு வாக்கியத்தை விழுங்கியதில் இரண்டு பேரைக் காயப்படுத்தியிருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது. அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

“அந்தப் பொண்ணு இருக்காங்களா?” என்றார். ஆசிரியை கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பினார். “உங்க கேள்விக்கு இப்போ பதில் சொல்லட்டுமா? இந்த மாதிரி முட்டை பெரும்பாலும் உள்ளே கரு இல்லாமத்தான் கிடைக்குது. கருவே உருவாகாம இருந்திருக்கலாம். இல்லைன்னா, உருவான கரு மக்கி மறைஞ்சிருக்கலாம். வெள்ளத்துல மூழ்கிக்கூடக் கெட்டிருக்கலாம். முட்டை ஓட்டை வெளியிலிருந்து பாத்து எதுன்னு சொல்ல முடியாது.”

நான் ஒலிவாங்கியைக் கதவருகே கொண்டுபோனேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அது இல்லாமலே, சத்தமாகக் கேட்டாள்.

“வெளிச்சத்துல புடிச்சு உள்ள கரு இருக்குதான்னு பாக்க முடியாதுங்களா?”

“கல்லாயிடுச்சே, வெளிச்சம் ஊடுருவாது. ஆனா கதிர் செலுத்தி உள்ளே படமெடுக்கிற கருவி இருக்கு.”

“இதுக்கு எடுத்துப் பாத்தீங்களா?”

“இதுக்கு இன்னும் எடுக்கலை.”

“ஏனுங்க எடுக்கல?”

அது தனக்கும் தெரியாது என்று வழிகாட்டி ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேருமே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் அவள் அம்மா என்னை மடக்கினார். “பேசியாச்சுங்க. சீட்டுக்கு என்ன பண்றது? பயாலஜி எல்லாம் ரொம்பிப் போச்சாமா.”

பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் உண்மையிலேயே இடம் முடிந்திருந்தது. அடுத்த வாரம் முழுக்க நானும் அறிவியல் ஆசிரியையும் பேருந்தில் அலைந்தோம். ஒரு பள்ளியில் காலையில் போய்ச் சாயங்காலம்வரை காத்திருந்தோம். இன்னொன்றில் ‘காமர்ஸ்னா உடனே போடறோம்’ என்றார்கள். வேண்டாம் என்றோம். கடைசியில் திருச்செங்கோட்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் யாரோ விட்டுப்போன இடம் கிடைத்தது. இரண்டு பேருந்து மாறவேண்டும். “மாறிட்டுப் போறா,” என்றார் அவள் அம்மா.

சேர்க்கை முடிந்து வெளியே நிற்கும்போது அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இந்த வயதிலும் அந்த எதிர்பார்ப்பு வந்தது.

“நான் உங்களுக்காகச் சேரலீங்க,” என்றாள். “அதச் சொல்லிப்போடலாமுன்னு வந்தேன்.” அம்மாவோடு நடந்து பேருந்தில் ஏறிவிட்டாள்.

மியூசியம் பீரியடு இப்போதும் நடக்கிறது. கேள்வி எழுதிக் கொடுப்பதில்லை. ஒலிவாங்கி பிள்ளைகளின் கைகளில் சுற்றுகிறது. சில நாள் அபத்தமாகவும் கேட்கிறார்கள், சில நாள் கூச்சலில் ஒன்றும் நடப்பதில்லை. அதையும் பொறுத்துக்கொள்கிறேன். அந்த வழிகாட்டி தன் பழைய பிரிவுக்குத் திரும்பவில்லை. கேட்டேன், முடியாது என்றுவிட்டார்.

ஆடி முடியும் சமயம் அவள் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். பள்ளியில் வைத்த முதல் தேர்வில் உயிரியலில் நல்ல மதிப்பெண், இயற்பியலில் தேறவில்லை. “உங்க பேச்சுக்குத்தான் நானு தலையாட்டுனேன். வழி பண்ணுங்க,” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சொல்லித் தருகிறேன் என்றேன். தொலைபேசிக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது: “அவருகிட்ட வேண்டாம்மா. டீச்சர்கிட்டப் போறேன்.”

அறிவியல் ஆசிரியை ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடும் வேலையைத் தலைமையாசிரியரிடம் சொல்லி நான் வாங்கிக்கொண்டேன். திறந்து, பெருக்கி, கரும்பலகையைத் துடைத்து வைத்துவிட்டு, அவள் வருவதற்கு முன் கிளம்பிவிடுகிறேன். அடுத்த தேர்வு காலாண்டில்.